டிஸ்ஸோவில் எதை எடுப்பது: பி.ஆர்.எக்ஸா, ஜென்டில்மேனா, லெ லோக்லா?

12 ஜனவரி 2025, காலை 9.10 (கேள்வி)

நல்ல சுவிஸ் வாட்ச் ஒன்று வாங்க வேண்டும். ரோலெக்ஸ், ஒமேகா பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. விசாரித்த இடத்திலெல்லாம் டிஸ்ஸோ என்கிறார்கள். பி.ஆர்.எக்ஸ் 40 ஆட்டோமேட்டிக், ஜென்டில்மேன், லெ லோக்ல் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் உள்ளே ஒரே பவர்மேட்டிக் 80 மெஷின்தான், டயல் பிடித்ததை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்கிறார் தெரிந்தவர். சரியா? மணிக்கட்டு 16.5 செ.மீ. வாரத்தில் ஐந்து நாள் கட்டுவேன். கைவசம் வேறு வாட்ச் கிடையாது.

12 ஜனவரி, காலை 11.45

சரியில்லை. பவர்மேட்டிக் 80 என்ற ஒரே பெயரில் பல வகை மெஷின்கள் வருகின்றன. அடித்தளம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, ஈ.டி.ஏ. என்ற சுவிஸ் மெஷின் தயாரிப்பாளரின் 2824-2. பல பத்தாண்டுகள் எத்தனையோ சுவிஸ் வாட்ச்களில் ஓடிய மெஷின் அது. மணிக்கு 28,800 அதிர்வு, முழுச் சாவி கொடுத்தால் ஏறக்குறைய 38 மணி நேர ஓட்டம். இதில் இரண்டு இடத்தில் கை வைத்துத்தான் 80 மணி நேரமாக்கினார்கள். மெயின் ஸ்பிரிங் சுற்றிக்கொள்ளும் நடுத்தண்டை மெல்லியதாக்கி, கிடைத்த இடத்தில் நீளமான ஸ்பிரிங்கை வைத்தார்கள். அதிர்வை 21,600 ஆகக் குறைத்தார்கள். விநாடி முள் முன்பு ஒரு விநாடிக்கு 8 முறை நகர்ந்தது, இப்போது 6 முறை. கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும், பெரிய குறையில்லை.

இதற்குப் பிறகுதான் வகைகள் பிரிகின்றன. பி.ஆர்.எக்ஸில் வருவது 80.111, 23 கல் (உராய்வைக் குறைக்க மெஷினுக்குள் பதிக்கும் மாணிக்கம்). ஜென்டில்மேன் சிலிசியத்தில் வருவது 80.811, 25 கல். இரண்டு கல் எங்கே போயிற்று என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 23 கல் வகையில், ஸ்பிரிங்கின் சக்தியைத் துளித்துளியாக விடும் பேலட் ஃபோர்க்கும் எஸ்கேப் வீலும் செயற்கைப் பொருளில் வார்த்தவை. உலோகப் பேலட்டில் பதிக்கும் இரண்டு மாணிக்கக் கற்களுக்கு அங்கே வேலையில்லை. 25 கல் வகையில் அவை இருக்கின்றன. ஹேர்ஸ்பிரிங்கும், அதாவது பாலன்ஸ் வீல் என்ற ஆடும் சக்கரத்தைத் திருப்பி இழுக்கும் மெல்லிய சுருளும், வேறு. 80.111இல் இப்போது டைட்டானியம் கலந்த நிவாக்ரான், 80.811இல் சிலிக்கான்.

கடையில் வாட்சைத் திருப்பிக் கண்ணாடிப் பின்மூடி வழியாகக் கல் எண்ணிக்கையைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் அந்த மாடல் எண்ணின் விவரத்தாளைக் கேளுங்கள்.

12 ஜனவரி, இரவு 8.30

மெஷினுக்கு முன்பே உங்கள் விஷயத்தில் முடிவாக வேண்டியது அளவு. 16.5 செ.மீ. என்பது சுற்றளவு. வாட்ச் உட்காருவது மணிக்கட்டின் மேல்தட்டில். ஒரு ஸ்கேலை மணிக்கட்டின் மேல் குறுக்காக வைத்து, கை வளையத் தொடங்கும் இரண்டு ஓரங்களுக்கு நடுவே எத்தனை மி.மீ. தட்டையாக இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

பி.ஆர்.எக்ஸ் 40இன் கேஸ் நுனிக்கு நுனி சுமார் 44.5 மி.மீ. தாளில் பார்த்தால் சின்ன வாட்ச். ஆனால் செயின் கேஸோடு ஒட்டிப் பிறந்தது. முதல் கண்ணி முழுதாகக் கீழே மடங்காமல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதையும் சேர்த்தால் கையை அடைக்கும் நீளம் 50 மி.மீ.ஐத் தாண்டிவிடும். மேல்தட்டு 52 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், அந்த முதல் கண்ணிக்கும் தோலுக்கும் நடுவே பக்கவாட்டில் வெளிச்சம் தெரியும். கை அசைக்கும்போது வாட்ச் சரிந்துகொண்டே இருக்கும். செயினை இறுக்கினால் கை வலிக்குமே தவிர இடைவெளி போகாது.

இந்தக் காரணத்துக்காகவே 35 மி.மீ. பி.ஆர்.எக்ஸைக் கட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பெண்கள் அளவு என்று சில கடைகளில் தள்ளி வைத்திருப்பார்கள். 16, 16.5 செ.மீ. மணிக்கட்டில் ஒட்டுச்செயின் வாட்சுக்கு அதுதான் இயல்பான அளவு.

ஜென்டில்மேனும் 40தான். ஆனால் அதன் காதுகள் (செயினோ பட்டையோ மாட்டும் கேஸின் நீட்டல்கள்) கீழ்நோக்கி வளைந்தவை, செயின் காதிலிருந்து நேராகத் தொங்கும். அதே கையில் அது அடக்கமாக உட்காரும்.

13 ஜனவரி, காலை 7.50

"பிளாஸ்டிக் உள்ளே இருக்கிற வாட்சை எதற்கு வாங்க வேண்டும்" என்று கேட்டவருக்கு.

செயற்கைப் பொருள் என்றதும் பொம்மை என்று நினைக்க வேண்டாம். எடை குறைவு, காந்தம் பிடிக்காது, அந்த இடத்தில் உராய்வு குறைவு. டிஸ்ஸோவுக்கு இது புதிதும் இல்லை. 1971இலேயே ஆஸ்ட்ரோலான் என்று மெஷினின் பெரும்பகுதியைப் பிளாஸ்டிக்கில் செய்து காட்டியவர்கள்.

கவனிக்க வேண்டியது பழுது பார்க்கும் நேரத்தில் வரும். உலோகப் பேலட்டில் கல் நகர்ந்தால் கைதேர்ந்தவர் சரி செய்வார். வார்த்த பாகத்தில் அந்த வேலைக்கு இடமில்லை, அப்படியே மாற்ற வேண்டும். பாகம் கிடைக்கிறவரை சிக்கல் இல்லை. இருபது, முப்பது வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் 25 கல்லுக்குப் போங்கள். ஏழெட்டு வருடத்தில் மாற்றுகிறவருக்கு 23 போதும்.

13 ஜனவரி, மாலை 6.20

80 மணி நேரம் பற்றி ஒரு கணக்கு. வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றித் திங்கள் காலை 8 மணிக்குக் கட்டினால் நடுவில் 62 மணி நேரம். பவர்மேட்டிக் ஓடிக்கொண்டிருக்கும். பழைய 2824 ஞாயிறு காலையிலேயே நின்றிருக்கும். வேறு வாட்ச் இல்லாமல் ஐந்து நாள் கட்டுகிறவருக்கு இது உண்மையான வசதி.

ஆனால் கழற்றும் நேரத்தில் ஸ்பிரிங் நிறைந்திருந்தால்தான் அந்த 80. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணினி தட்டுகிறவர் கையில் ரோட்டார், அதாவது கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் எடை, அதிகம் சுழலாது. வெள்ளிக்கிழமைக்குப் பாதிதான் நிறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையே வாட்ச் நின்றுவிட்டது என்று புகார் சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த ரகம். கழற்றியதும் கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் திருகு) 20, 30 சுற்று மெதுவாகத் திருப்பிச் சாவி கொடுங்கள். அதிகமாகக் கொடுத்து ஸ்பிரிங் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் நிறைந்த பிறகு ஸ்பிரிங்கின் வெளி நுனி வழுக்கிக்கொண்டு போகும்.

கடைசிப் பத்து, பதினைந்து மணி நேரத்தில் பாலன்ஸ் வீலின் வீச்சு குறைந்து நேரம் சற்றுப் பிசகும். திங்கள் காலை அரை நிமிடம் தள்ளி இருந்தால் கோளாறு என்று ஓடாதீர்கள்.

15 ஜனவரி, காலை 10.05

குவார்ட்ஸ் பி.ஆர்.எக்ஸ் பற்றி ஒருவரும் பேசவில்லை. செல் வாட்ச் என்று கீழாகப் பார்க்கத் தேவையில்லை. 2021 தொடக்கத்தில் முதலில் வந்ததே அதுதான், ஆட்டோமேட்டிக் சில மாதம் கழித்து வந்தது. கேஸ், செயின், சஃபையர் கண்ணாடி, 100 மீட்டர் நீர்த்தாங்கல் எல்லாம் அதேதான். கனம் ஆட்டோமேட்டிக்கில் 10.9 மி.மீ., குவார்ட்ஸில் 10.4. டயலில் மட்டும் பெரிய மாற்றம். ஆட்டோமேட்டிக்கில் சின்னச் சின்னச் சதுரமாகப் புடைத்த டயல், குவார்ட்ஸில் வழவழப்பானது. சட்டைக்கை மேல் சரிந்து விழும் வெளிச்சத்தில் அந்தச் சதுரங்களின் ஒரு பக்கம் மட்டும் மின்னும். பலர் ஆட்டோமேட்டிக்குக்குப் போவதே அதைப் பார்த்துத்தான். அதில் தப்பில்லை, கூடுதல் காசு டயலுக்கும் போகிறது என்று தெரிந்து கொடுங்கள்.

நேரம் தவறக்கூடாது என்பதே முதல் தேவை என்றால் குவார்ட்ஸ்தான். சாதாரணக் குவார்ட்ஸ் மாதத்துக்கு 15 விநாடிக்குள் நிற்கும். மெக்கானிக்கல் வாட்ச் அதை இரண்டு, மூன்று நாளிலேயே தொட்டுவிடும்.

செல் தீரும் நேரத்தில் விநாடி முள் ஒவ்வொன்றாக நகராமல் நான்கு நான்காகத் தாண்டும். நேரம் சரியாகவே காட்டும். இதைப் பழுது என்று நினைக்காமல் செல்லை மாற்றுங்கள். நின்ற பிறகும் மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் செல் கசிந்து காயிலை அரித்துவிடும், அப்போது மெஷினையே மாற்றும்படி ஆகும். மாற்றும்போது பின்மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றிப் பிரஷர் டெஸ்ட் பார்க்கச் சொல்லுங்கள். வளையம் நெளிந்து மூடியில் மாட்டிக்கொண்டால் 100 மீட்டர் என்று எழுதியிருக்குமே தவிர, கை கழுவினாலே உள்ளே ஆவி படியும்.

15 ஜனவரி, இரவு 9.40

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கட்டுகிறவருக்கு என் வரிசை மாறும். அவருக்கு 80 மணி நேரமும் போதாது. ஒவ்வொரு முறையும் சாவி கொடுத்து, நேரம் வைத்து, தேதி வைத்துத்தான் கட்ட வேண்டும். அவருக்குக் குவார்ட்ஸ் பி.ஆர்.எக்ஸ் முதலில், ஆட்டோமேட்டிக் பிறகு. கேள்வி கேட்டவர் ஐந்து நாள் என்கிறார், அவருக்கு இது பொருந்தாது.

18 ஜனவரி, காலை 8.15

லெ லோக்ல். 1853இல் டிஸ்ஸோ தொடங்கிய ஊரின் பெயர். 39.3 மி.மீ., ரோமன் எண், நடுவில் செதுக்கு வேலை. வேட்டி சட்டைக்கும் கோட்டுக்கும் ஒன்றுபோல் எடுக்கும். ஆனால் நீர்த்தாங்கல் 30 மீட்டர்தான். முகம் கழுவும்போது தெறிக்கிற துளிக்கும், தூறலுக்கும் அது தாங்கும். குளிக்க, நீந்த, குழாயடியில் கைநீட்டக் கூடாது. ஒரே வாட்ச் என்றால் இது இடிக்கும். இன்னொரு வாட்ச் கைவசம் உள்ளவர் தாராளமாக எடுக்கலாம்.

30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்பதாகப் பலர் படிக்கிறார்கள். அது நீர் அசையாத சோதனை அழுத்தம். கையை வீசித் தண்ணீரில் அடிக்கும்போது அழுத்தம் ஒரு நொடி எகிறும். சோப்பு ரப்பர் வளையத்தின் பசையைக் கழுவும். வெந்நீர் ஆவியில் வளையமும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரியும். 100 மீட்டர் வாட்சோடு நீந்துங்கள், வெந்நீர்க் குளியலுக்கு மட்டும் எந்த வாட்சையும் கழற்றி வையுங்கள்.

விசோடேட்டும் இந்தக் கூட்டம்தான். 1953இல் நிறுவனத்தின் நூறாவது ஆண்டில் வந்த பெயர். பழைய 40 மி.மீ. ஹெரிட்டேஜ் விசோடேட்டில் ஈ.டி.ஏ. 2836-2, நாளும் தேதியும் காட்டும். பழைய சந்தையில் நல்லது சிக்கினால் விடாதீர்கள்.

19 ஜனவரி, மாலை 4.30

செயினைக் குறைப்பது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கடையிலேயே செய்துகொள்வது உத்தமம். வீட்டில் செய்வதென்றால்:

கண்ணிகளின் உட்பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் பக்கமாகப் பின்னைத் தள்ளி எடுக்க வேண்டும், மாட்டும்போது அம்பு காட்டும் பக்கமிருந்தே அம்புக்கு எதிர்த்திசையில் நுழைக்க வேண்டும். 0.8 மி.மீ. பின் தள்ளி, செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை, சின்னப் பிளாஸ்டிக் சுத்தி போதும். இரும்புச் சுத்தி வேண்டாம். தள்ளியைத் துளைக்கு நேராக நிறுத்தி லேசாகத் தட்டுங்கள். பின் இரண்டு மி.மீ. வெளியே வந்ததும் குறட்டால் நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் பின் வளையும், வளைந்ததை மறுபடி போட்டால் ஒரு நாள் நடுத்தெருவில் வாட்ச் கழன்று விழும்.

வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். சில செயின்களில் பின்னோடு சின்னக் குழாய் ஒன்றும் இருக்கும், கடுகளவுதான். அது விழுந்தது தெரியாமல் பின்னை மட்டும் போட்டால் பிடிப்பே இருக்காது, தானாக நகர்ந்து வெளியே வரும். போட்ட பிறகு விரல் நகத்தால் பின்னின் இரு முனையையும் தடவிப் பாருங்கள், கண்ணியின் மட்டத்துக்கு மேல் தட்டுப்படக் கூடாது.

பி.ஆர்.எக்ஸின் பூட்டு இரண்டு பக்கமும் மடங்கும் வகை. நுண்ணளவாகக் கூட்டிக் குறைக்கும் துளைகள் கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் சமமாகக் கண்ணி எடுத்துப் பூட்டு மணிக்கட்டின் அடியில் நடுவாக வருமாறு பாருங்கள். வெயிலில் கை வீங்கும், காலையில் சுருங்கும். சாயங்காலம் அளவு வைத்துக்கொண்டு சுண்டுவிரல் நுழையும் இடம் விடுங்கள். காலையில் அளவு வைத்தவர் மதியம் கையைப் பிசைந்துகொண்டிருப்பார். எடுத்த கண்ணி, பின் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு வையுங்கள். விற்கும்போது கேட்பார்கள்.

19 ஜனவரி, மாலை 5.10

விட்டுப்போனது. பி.ஆர்.எக்ஸ் செயினின் அழகே கோடு இழுத்த தட்டைப் பரப்பும், ஓரத்தில் ஓடும் பளபளப்பான சாய்வுப் பட்டியும் சந்திக்கும் கூர்மை. கீறல் விழுந்தது என்று தெருவோரம் பாலிஷ் போடக் கொடுத்தால் முதலில் கரைவது அந்த விளிம்புதான். கரைந்தால் திரும்ப வராது. கீறலோடு கட்டுங்கள்.

22 ஜனவரி, காலை 9.00

"ஆறு மாதம் சரியாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளைக்கு நான்கு நிமிடம் முந்துகிறது" என்று கேட்டவருக்கு.

திடீரென்று, அதுவும் நிமிடக்கணக்கில் முந்தினால் முதல் சந்தேகம் காந்தம். எண்ணெய் காய்வதால் வரும் பிசகு மெதுவாக, மாதக்கணக்கில் வரும். காந்தம் ஒரே நாளில் வரும். ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகிறது, பாலன்ஸ் வேகமாக ஆடுகிறது. டேப்லெட் உறையின் மூடி, ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் டப்பா, கைப்பையின் காந்தப் பொத்தான் இவைதான் வழக்கமான காரணம்.

சோதிக்கச் சாதாரணத் திசைகாட்டி போதும். மேசையில் வைத்து, முள் நின்றதும் வாட்சைப் பக்கத்தில் கொண்டுவந்து மெதுவாகச் சுற்றுங்கள். இரும்பு இருப்பதால் முள் லேசாக ஆடுவது சகஜம். வாட்சைத் திருப்பத் திருப்ப முள் ஒரு பக்கம் இழுத்தும் மறுபக்கம் விலகியும் ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது.

எடுப்பதற்கு டீமேக்னடைசர். பொத்தானை அமுக்கிக்கொண்டு வாட்சைச் சுருளின் மேல் வைத்து, பொத்தானை விடாமல் கையை மெதுவாக அரை மீட்டர் தூரம் விலக்கி, அதன் பிறகு விடுங்கள். பக்கத்திலேயே வைத்து விட்டுவிட்டால் கடைசி நொடியின் காந்தம் அப்படியே தங்கி நிலைமை இன்னும் மோசமாகும். குவார்ட்ஸ் வாட்சுக்கு இதைச் செய்ய வேண்டாம், உள்ளே மோட்டாரின் காந்தம் இருக்கிறது.

கேட்டவர் வைத்திருப்பது பழைய 2824 லெ லோக்ல். நிவாக்ரான் வகையில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. சிலிக்கானில் ஹேர்ஸ்பிரிங் காந்தத்துக்கு அசையவே அசையாது. ஜென்டில்மேனை முதலில் வைப்பதற்கு எனக்கு இதுவும் ஒரு காரணம்.

22 ஜனவரி, மதியம் 1.25

காந்தம் இல்லை, தினம் 7 விநாடி முந்துகிறது, கடைக்காரர் திருகிச் சரி செய்வாரா என்றால், 2824இல் அதற்கென்று ஒரு நெம்பு உண்டு, சில நொடி வேலை. பவர்மேட்டிக் 80இல் அந்த நெம்பே கிடையாது. வேகத்தைப் பாலன்ஸ் வீலின் எடையை வைத்தே தொழிற்சாலையில் நிர்ணயிக்கிறார்கள். அதிர்ச்சியில் நெம்பு நகர்ந்து நேரம் மாறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அது நல்லது. ஆனால் மூலைக்கடையில் கொடுத்து "கொஞ்சம் குறைச்சு விடுங்க" என்று சொல்ல முடியாது.

7 விநாடி பழுது இல்லை. காஸ்க் என்ற சுவிஸ் துல்லியச் சோதனை அமைப்பின் சான்றிதழ் பெற்ற மெஷினுக்கே சராசரி எல்லை நாளைக்கு -4 முதல் +6. டிஸ்ஸோவில் 2017இல் வந்த பலாட் போன்ற சிலவற்றுக்குத்தான் அந்தச் சான்று.

ராத்திரி வைக்கும் நிலையை மாற்றிப் பாருங்கள். ஒரு வாரம் டயல் மேலே பார்க்க, அடுத்த வாரம் கிரவுன் மேலே பார்க்க, அதற்கடுத்து கிரவுன் கீழே. தினமும் ஒரே நேரத்தில் போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதி வாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் வாட்ச் பிந்தக்கூடும். அப்படிப் பிந்தினால் பகலில் முந்தியதை ராத்திரி அந்த நிலை ஈடுகட்டும்.

27 ஜனவரி, காலை 7.30

ஸீஸ்டார் 1000 கேட்டவருக்குச் சுருக்கமாக. 300 மீட்டர், திருகு கிரவுன், ஒரு பக்கம் மட்டும் சுழலும் வளையம். 43 மி.மீ. ஆட்டோமேட்டிக் பெரிய கைக்குத்தான். 40 மி.மீ. ஆட்டோமேட்டிக்கும் வந்துவிட்டது, அதைக் கட்டிப் பாருங்கள். திருகு கிரவுனை மூடும்போது முதலில் இடப்பக்கமாக லேசாகத் திருப்பி மரை உட்காரும் "டக்"கை உணர்ந்த பிறகு வலப்பக்கம் திருகுங்கள். நேரே அமுக்கித் திருகினால் மரை ஏறுக்குமாறாகப் பிடித்து நாளடைவில் தேயும். ஸீஸ்டார் 2000, 46 மி.மீ., 600 மீட்டர். உண்மையிலேயே ஆழத்துக்குப் போகிறவருக்கு.

பி.ஆர்.எக்ஸ் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ளது) 42 மி.மீ., கனம் 14.5 மி.மீ. மெஷின் வால்ஜூ என்ற பழைய குரோனோகிராஃப் மெஷின் வகை, உறுதியானது. ஆனால் 16.5 செ.மீ. மணிக்கட்டில் சட்டைக்கை அதன் மேல் ஏறவே ஏறாது.

2 பிப்ரவரி, காலை 10.40

மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இணையத்தில் ஏமாற மாட்டீர்கள். டி137.407.11.041.00 என்று எடுத்துக்கொள்வோம். 137 என்பது பி.ஆர்.எக்ஸ் குடும்பம். 407 என்றால் ஆட்டோமேட்டிக், அதே இடத்தில் 410 இருந்தால் குவார்ட்ஸ். 35 மி.மீ.க்கு 207, 210. அடுத்த 11 எஃகுச் செயின், 16 என்றால் தோல் பட்டை, 17 ரப்பர். பிறகு வருவது டயல்: 041 நீலம், 051 கறுப்பு, 031 வெள்ளி, 091 பச்சை.

407 என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, படத்தில் வழவழப்பான டயலும் மூடிய பின்புறமும் இருந்தால் எண்ணும் பொருளும் பொருந்தவில்லை. கேள்வி கேளுங்கள். ஜென்டில்மேனுக்கு 127, ஸீஸ்டார் 1000க்கு 120, பவர்மேட்டிக் லெ லோக்லுக்கு 006. டி41 என்று தொடங்கினால் பழைய லெ லோக்ல், உள்ளே 2824.

2 பிப்ரவரி, மாலை 6.55

அந்தப் பழைய லெ லோக்லை வாங்கப் போகிறவர் ஒரு சோதனை செய்யுங்கள். பின்மூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கிரவுனில் சாவி கொடுங்கள். ரோட்டார் அசையாமல் இருக்க வேண்டும், இல்லை மிக லேசாக நடுங்கலாம். சாவி கொடுக்கக் கொடுக்க ரோட்டாரும் கூடவே விர்ரென்று சுற்றினால், திசை மாற்றும் இரண்டு சக்கரங்களில் எண்ணெய் காய்ந்து சிக்கிக்கொண்டிருக்கின்றன. அப்படியே சாவி கொடுத்துக்கொண்டிருந்தால் பற்கள் தேயும். விலையில் ஒரு முழுச் சர்வீஸ் செலவைக் கழித்துக் கேளுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பவர்மேட்டிக்குக்கும் இதே சோதனை பொருந்தும்.

9 பிப்ரவரி, காலை 8.00

தேதி பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று மூன்றாவது ஆள் கேட்கிறார். இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதிச் சக்கரத்தின் பல்லை மெஷின் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கிரவுனால் தேதியைத் திருப்பினால் பல் ஒடியும்.

முறை இது: கிரவுனை முழுதாக இழுங்கள், விநாடி முள் நிற்கும். முள்ளை முன்பக்கமாகத் திருப்பித் தேதி மாறும் இடத்தைப் பாருங்கள், அதுதான் நள்ளிரவு. அங்கிருந்து மேலும் திருப்பிக் காலை 6.30க்கு வையுங்கள். கிரவுனை ஒரு படி உள்ளே தள்ளி நேற்றைய தேதியை வையுங்கள். மறுபடி முழுதாக இழுத்து இன்றைய தேதி விழும்வரை முன்னே திருப்பிச் சரியான நேரத்தில் நிறுத்துங்கள். பகல் ஒரு மணியா ராத்திரி ஒரு மணியா என்ற குழப்பமே வராது.

9 பிப்ரவரி, இரவு 9.15

கேள்வி கேட்டவர் மேல்தட்டு அளவை எழுதியிருக்கிறார்: 50 மி.மீ. அப்படியானால் பி.ஆர்.எக்ஸ் 40 பட்டியலிலிருந்து போய்விட்டது. லெ லோக்ல் நீரால் போய்விட்டது. மிச்சம் ஜென்டில்மேன் சிலிசியமும் பி.ஆர்.எக்ஸ் 35 ஆட்டோமேட்டிக்கும். ஒரே வாட்ச், ஐந்து நாள் என்றால் என் ஓட்டு ஜென்டில்மேனுக்கு: 25 கல், சிலிக்கான், 100 மீட்டர், பட்டை மாற்றலாம். கண்ணாடி முன் நின்று 35ஐப் பார்த்து மனம் அங்கேயே நின்றுவிட்டால் அதையே எடுங்கள், கையில் உட்காரும் விதத்தில் குறை சொல்ல முடியாது.

இன்னும் கொஞ்சம் காசு போட்டால் டிஸ்ஸோ இருக்கும் அதே ஸ்வாட்ச் குழுமத்தின் லாஞ்சின் வரும், எல்888 மெஷின், 72 மணி நேரம், சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங். ஹாமில்டன் காக்கி ஃபீல்டில் வரும் எச்-10உம் இந்த 80 மணி நேர மெஷின்தான், 25 கல்லோடு. டிஸ்ஸோதான் வேண்டும் என்பதில்லாதவர்கள் இரண்டையும் பார்க்கலாம்.

16 பிப்ரவரி, காலை 11.20

ஜென்டில்மேன் எடுத்துவிட்டாராம். தோல் பட்டை வாங்கும் முன் கவனிக்க: அதன் காதுகளுக்கு நடுவே 21 மி.மீ. கடைகளில் குவிந்து கிடப்பது 20உம் 22உம்தான். 20 போட்டால் இரண்டு பக்கமும் அரை மி.மீ. இடைவெளி தெரியும், பட்டை பக்கவாட்டில் ஆடி ஸ்பிரிங் பாரின் (பட்டையைக் காதில் பிடித்து நிறுத்தும் கம்பி) நுனியைத் தேய்க்கும். 22ஐ அமுக்கி நுழைத்தால் ஓரம் மடிந்து தையல் பிரியும். 21 என்று கேட்டு வாங்குங்கள், ஸ்பிரிங் பாரும் 21ஆகவே இருக்கட்டும். மாட்டியதும் பட்டையை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். பாரின் இரண்டு நுனியும் காதுத் துளைக்குள் விழுந்த சத்தம் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். ஒரு சத்தம்தான் கேட்டது என்றால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.